பச்சைப் பனையா, பழைய வாரையா?

பொங்கல் முடிந்த மறுவாரம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் குட்டியானை வண்டியில் மூன்று பனைத் துண்டுகளை ஏற்றிவந்து எங்கள் வீட்டு வாசலில் இறக்கினான். மீஞ்சூரைத் தாண்டி அவனுடைய தாய்மாமன் நிலத்தில் மழைக்காற்றில் சாய்ந்த மரம். ஒவ்வொரு துண்டும் நான்கடி நீளம். இரண்டு பேர் சேர்ந்தால்தான் உருட்ட முடிந்தது. அறுத்த முகத்தில் விளிம்பெல்லாம் கறுப்பு கறுப்பாக நார்ப்புள்ளிகள், நடுவில் ஈரப் பஞ்சு மாதிரி வெளுத்த சோறு.

"மாமா, இதுல பொம்மை செதுக்கணும். எப்ப ஆரம்பிக்கலாம்?"

"செதுக்குறது அப்புறம் தம்பி. இத எப்படிக் காய வெக்கப் போறன்னு மொதல்ல முடிவு பண்ணு. அதுவும் இந்த வாரத்துக்குள்ள."

அவனுக்கு அன்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். வடசென்னையில் திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டை பக்கம் இருந்துகொண்டு பனையில் கைவைக்க நினைக்கிற எல்லோருக்கும், பச்சைப் பனையை எப்படிக் காய வைப்பது, இல்லை பழைய வாரையையே, அதாவது ஓட்டுக் கூரையைத் தாங்கிய பனைச் சட்டத்தையே, வாங்கிவிடலாமா என்ற கேள்வி வரும். ஊருக்கு ஊர் இதற்குப் பதில் மாறும். நம் ஊர்க் காற்றும் தண்ணீரும் வேறு மாதிரி என்பதால் மதுரைக்காரர் சொல்லும் வழி நமக்கு அப்படியே பொருந்தாது.

நான் வார்ப்படப் பட்டறையில் பேட்டர்ன் தச்சனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உருக்கிய இரும்பை ஊற்றுவதற்கு முன் மணலில் அச்சுப் பதிக்க மரத்தில் ஒரு மாதிரி செய்வார்கள், அதுதான் பேட்டர்ன். அந்த மரம் அரை மில்லிமீட்டர் வளைந்தாலும் வார்ப்பு வீண். ஆக மரத்தின் ஈரம் என்பது எனக்கு முப்பது வருடக் கவலை. அப்படியிருந்தும் பனை எனக்கு முதலில் பிடிபடவில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த ஒரு பனையிலிருந்து மாட்டு வண்டி ஒன்றைச் செதுக்கினேன். தேக்குக்குச் செய்வது போலவே நிழலில் அடுக்கிக் காய வைத்து, எடை குறைந்து நின்றதும் உளியை எடுத்தேன். எண்ணெய் பூசி அலமாரியில் வைத்த ஐந்தாவது மாதம் சக்கரத்தின் அடியில் மஞ்சளாக மாவு கொட்டிக் கிடந்தது. தட்டினால் இன்னும் கொட்டியது. துளைகள் ஒவ்வொன்றும் குண்டூசித் தலை அளவுதான், ஆனால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. பேரனுக்கென்று செய்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மரம் காய்ந்துதான் இருந்தது, அதில் தப்பில்லை. காய்ந்த மரத்துக்குள் இனிப்பு அப்படியே இருந்ததுதான் தப்பு.

பனையின் உடம்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் இது எளிதாகப் புரியும். தேக்கு, வேம்பு, பூவரசு எல்லாவற்றுக்கும் வைரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளே. பனைக்கும் தென்னைக்கும் வைரம் வெளியே. புறத்தே காழ் (வைரம்) உள்ளவை புல், அகத்தே காழ் உள்ளவை மரம் என்று தொல்காப்பியம் மரபியலில் பிரித்து வைத்திருக்கிறதே, அந்தக் கணக்கில் பனை ஒரு புல். அதற்கு ஆண்டு வளையம் கிடையாது. தேக்கில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடுகிற கதிர்களும் கிடையாது. மெத்தென்ற திசுவுக்குள் கெட்டியான நார்க்கட்டுகள் நெடுக ஓடுகின்றன, விளிம்பில் நெருக்கமாக, நடுவில் எட்ட எட்ட. அந்த மெத்தென்ற திசுவில்தான் மரம் தன் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் சேர்த்து வைக்கிறது. மரத்தை மாவாக்கும் வண்டுக்கும் பூஞ்சணத்துக்கும் அதுதான் சாப்பாடு.

ஈரமும் இப்படித்தான் ஒரே சீராக இல்லை. தென்னையை அளந்து பார்த்தவர்கள் விளிம்பில் ஏறக்குறைய காய்ந்த எடையின் 60 சதவீதமும் நடுவில் 400 சதவீதம் வரையும் நீர் கண்டிருக்கிறார்கள். அதாவது நடுச்சோற்றில் ஒரு கிலோ மரத்துக்கு நான்கு கிலோ தண்ணீர். பனையும் அதே சாதி. இந்த இரண்டையும் ஒரே பலகையில் வைத்துக் காயவிட்டால் கெட்டிப் பக்கம் ஒரு மாதிரி சுருங்கும், சோற்றுப் பக்கம் குழி விழுந்து உட்கார்ந்துவிடும்.

அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வாரத்திலேயே ஒரு வேலையை முடித்துவிட வேண்டும். ஆப்பு அடித்துத் துண்டை நெடுக்காகப் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, வெளிப்பக்க வைரத்தை மட்டும் சட்டங்களாக எடுத்துக்கொள்ள வேண்டும். பனை பிளக்கிற பழைய ஆட்கள் இதை ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை. நெடுக்கு நார் என்பதால் ஆப்புக்கு நன்றாக வழிவிடும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் அது சோறு. பதியாமல் நகம் வழுக்கினால் அது வைரம். அடிமரத்தில் இந்த வைரம் இரண்டு அங்குலத்துக்குக் கிடைத்தாலே நல்ல மரம். நுனியை நோக்கிப் போகப் போக மெலிந்துவிடும். பையன் கொண்டுவந்த மூன்றில் ஒன்று நுனித்துண்டு. அதில் செதுக்க ஒன்றும் தேறாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன், முகம் வாடிப்போனான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிற்கிற பனையை இதற்காக வெட்டாதீர்கள். அது நம் மாநில மரம். 2021இல் வந்த தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். காற்று சாய்த்தது, பட்டுப்போனது, இடித்த வீட்டில் இருந்து வந்தது, இவையே நமக்குப் போதும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பிளந்த சட்டங்களை அப்படியே நிழலில் அடுக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. செலவில்லை, இடம் மட்டும் வேண்டும். நான் மாட்டு வண்டிக்குச் செய்ததும் இதுதான், அதனால் பலன் என்ன என்று சொல்லிவிட்டேன். வெறும் நிழல் உலர்த்தலில் ஈரம் போகும், சர்க்கரை போகாது. போதாததற்கு முதல் இரண்டு வாரம் நம் கடற்கரைப் புழுக்கத்தில் மேலெல்லாம் கருநீலப் பூஞ்சணம் படரும். அது மரத்தின் பலத்தைப் பெரிதாகக் குறைக்காது, நிறத்தைக் கெடுக்கும். பனையின் அழகே அந்தக் கறுப்பு நாரும் தேன் நிறமும் சேர்ந்து வருகிற வரிதான். அது கலங்கிப்போனால் செதுக்கி என்ன பயன்? மருந்து போட்டால் இந்த வழி தப்பிக்கும். மூங்கிலுக்குப் போடுகிறார்களே, வெண்காரம் (போராக்ஸ்) மூன்று பங்கு, போரிக் அமிலம் இரண்டு பங்கு, நூறு பங்கு நீருக்கு இரண்டும் சேர்த்து ஐந்து பங்கு, அந்தக் கரைசலில் பச்சையாகவே ஊறப்போட வேண்டும். ஈரம் இருக்கும்போதுதான் மருந்து உள்ளே நகரும், காய்ந்த பிறகு பூசினால் மேல்தோலோடு நின்றுவிடும். பொம்மைக்கு, கைத்தடிக்கு இது சரி. அகப்பை, மத்து, கிண்ணம் என்று வாயில் போகிற பொருளுக்கு இந்த மருந்து வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது வழி, நீரில் ஊறவைத்துப் பிறகு நிழலில் உலர்த்துவது. கிராமங்களில் வாரை அறுத்ததும் குளத்துச் சேற்றில் புதைத்து வைப்பார்கள். மாதக்கணக்கில் கிடக்கும். சர்க்கரை கரைந்து நீரோடு போய்விடும், மாவுச்சத்து நொதித்துக் குறையும், பூச்சிக்கு உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த வாரைகள் மூன்று தலைமுறைக்குக் கூரை ஓடுகளைத் தாங்கின. பச்சைப் பனையை எடுத்துக்கொண்டால் என் மனசு இந்த வழியில்தான் நிற்கிறது. ஆனால் வடசென்னையில் குளத்துக்கு எங்கே போவது?

"நம்ம கழிமுகத்துலயே போட்டா என்ன மாமா? ஆத்துல கட்டி வுட்டா தானா ஊறும்" என்றான் பையன். நல்ல கேள்வி, பலரும் கேட்கிறார்கள். உப்பங்கழியில் மரத்தை ஊறப்போடுவது பழைய பழக்கம்தான். எனக்கு அதில் மூன்று தயக்கம்.

கழிமுகத்து நீரில் கப்பல்புழு உண்டு. மரத்தைத் துளைத்துத் தின்கிற சிப்பி இனம் அது. படகுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாதுகாப்பில்லாத மரம் உவர்நீரில் கிடக்கக் கிடக்க அதற்கு இரை.

அப்புறம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை நாம் மறக்க முடியாது. வலையெல்லாம் கறுத்து, அலையாத்தி வேரெல்லாம் கறுத்து, கையால் அள்ளி அள்ளிப் பீப்பாயில் ஊற்றினார்கள். மரம் பஞ்சு மாதிரி, கிடக்கிற நீரில் உள்ளதையெல்லாம் குடிக்கும். அந்த நீரில் ஊறிய கட்டையில் ஒரு குழந்தைக்குப் பொம்மை செய்துகொடுக்க எனக்கு மனம் வராது. கழிமுகம் சுத்தமாகி, மீனும் இறாலும் பழையபடி வந்தால் பார்க்கலாம்.

மூன்றாவது காரணம்தான் தச்சனாக எனக்கு முக்கியம். அது உப்பு. உப்பு மரத்துக்குள் போனால் நீர் வற்றினாலும் அது வற்றாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீர் இழுத்துக் கசியும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடி நசநசவென்று ஆகிறதே, அதேதான். நம் ஊரில் வருடத்தில் பல நாள் காற்று அந்த அளவைத் தாண்டும். உப்பேறிய பனை அந்த நாளெல்லாம் வியர்க்கும். பூசிய எண்ணெய் வெளுத்துப்போகும், உளி ஒரே இரவில் துருப்பிடிக்கும். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஊசி மீட்டரும் பொய் சொல்லும், ஏனென்றால் அது மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்துத்தான் ஈரத்தைக் கணக்கிடுகிறது. உப்பு இருந்தால் மின்சாரம் நன்றாகவே ஓடும்.

அதனால் நல்ல தண்ணீர்த் தொட்டிதான். வீட்டில் போர் தண்ணீர் வருகிறதே என்று அதையும் நம்பிவிடாதீர்கள். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறி வந்தது பல பத்தாண்டாக எல்லோரும் அறிந்தது. நம் தெருவில் பல வீட்டு போரும் உப்புதான். ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். மெட்ரோ தண்ணீரோ மாடியில் பிடித்த மழைநீரோ இருந்தால் நல்லது. குடிநீருக்கே லாரிக்கு நிற்கிற வீட்டில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது சங்கடமான விஷயம், எனக்கும் தெரியும். நான் பாத்திரம் அலசின நீரைக்கூட விட்டுப் பார்த்தேன், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது மழைநீரையே சேர்த்து வைக்கிறேன். தொட்டி சின்னதாக இருந்து, சட்டங்களும் ஒன்றரை அங்குலக் கனத்துக்குள் இருந்தால், நான்கைந்து தடவை நீர் மாற்றினால் போதும்.

முதல் வாரம் நீர் கள்ளுப்பானை மாதிரி நுரைத்துப் புளிக்கும். அது நல்ல அடையாளம், சர்க்கரை வெளியே வருகிறது. மூன்றாம் நாளில் ஒருமுறை, ஏழாம் நாளில் ஒருமுறை மாற்றிவிடுங்கள். அப்படியே விட்டால் நாற்றம் தெருமுனை வரைக்கும் போகும். பிறகு பத்து நாளைக்கு ஒருமுறை போதும். ஆக மொத்தம் ஐந்து, ஆறு வாரம். சட்டங்கள் மிதக்காமல் மேலே கல் வைக்க வேண்டும், தொட்டியை வலை போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். டெங்கு கொசு பார்க்க மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வருகிறார்கள், திறந்த தொட்டியைப் பார்த்தால் கவிழ்த்துவிடுவார்கள். அவர்கள் செய்வது சரி.

எப்போது போதும் என்பதற்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒரு சட்டத்தின் நுனியில் விரல்கடை அளவு அறுத்து எறிந்துவிட்டு, புதிதாகத் தெரியும் முகத்தில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விடுங்கள். மாவுச்சத்து இருந்தால் நார்களுக்கு நடுவே கருநீலமாகத் திரும்பும். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் செய்து காட்டினார்களே, அதேதான். மருந்தின் பழுப்பு நிறமே நின்றுவிட்டால் வெளியே எடுக்கலாம். இன்னும் நீலம் காட்டினால் மேலும் பத்து நாள். அதற்கும் மசியாத சட்டத்தை நான் மேலே சொன்ன வெண்காரக் கரைசலுக்கு மாற்றிவிடுவேன். ஊறவைத்த பிறகுதான் அந்த மருந்து. முன்னால் போட்டால் ஊறுகிற நீரோடு அதுவும் போய்விடும்.

எடுத்த சட்டங்களின் இரண்டு தலைப்பிலும் உருக்கிய மெழுகைத் தடவுங்கள். தலைப்பு வழியாக ஈரம் சட்டென்று ஓடும், அப்படி ஓடினால்தான் நார் பிரிந்து வெடிக்கும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒரே கனமுள்ள குச்சிகளை அடிக்கு ஒன்றாக இடையில் கொடுத்து, காற்று எல்லாப் பக்கமும் போகிற மாதிரி அடுக்குங்கள். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வேண்டாம், பகலில் அது அடுப்பு. வடக்குப் பார்த்த நடை, மாடிப்படிக்கு அடி, இவை நல்லவை. மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் போகும். அனல்மின் நிலையச் சாம்பல் விழுகிற பகுதி என்றால் பழைய வேட்டி ஒன்றைத் தளர்வாகப் போட்டு மூடுங்கள். அந்தத் தூள் நாரில் புகுந்தால் உளி முனையை அரம் மாதிரி தேய்க்கும்.

காலம் பார்ப்பதும் முக்கியம். தையில் ஊறப்போட்டு மாசியின் கடைசியில் அடுக்கினால் பங்குனி, சித்திரை முழுவதும் மெதுவாகக் காயும். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கும்போது மேற்கிலிருந்து வறண்ட காற்று வரும், அப்போது மேற்குப் பக்கம் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். ஒன்றரை அங்குலச் சட்டம் எனக்கு நான்கு, ஐந்து மாதம் பிடித்திருக்கிறது. மழைக்காலத்தில் ஆரம்பித்தால் காயாது, பூசணம் பூக்கும். இதில் குறுக்கு வழி இல்லை.

ஆனது தெரிவதற்கு மீட்டர் வாங்க வேண்டாம். சமையலறைத் தராசு போதும். வாரம் ஒருமுறை அதே சட்டத்தை நிறுத்து, அதன் மேலேயே பென்சிலால் தேதியும் எடையும் எழுதிவையுங்கள். மூன்று வாரம் எடை அசையவில்லை என்றால் நம் ஊர்க் காற்றோடு மரம் சமாதானமாகிவிட்டது. இன்னும் துல்லியம் வேண்டும் என்றால் சின்னத் துண்டு ஒன்றை நிறுத்து, ஓவனில் 103 டிகிரியில் எடை குறைவது நிற்கும் வரைக்கும் வைத்துத் திரும்ப நிறுக்கவும். முன்பு 84 கிராம், பின்பு 70 கிராம் என்றால் போனது 14. அதை 70ஆல் வகுத்தால் 20 சதவீதம், இன்னும் காயணும். சென்னையில் மரம் 12 முதல் 15 சதவீதத்துக்குள் வந்து நிற்கும், அதற்குக் கீழே காற்றில் போகாது. ஏசி அறையில் வைக்கப்போகிற பொருள் என்றால் கடைசிச் செதுக்கலுக்கு முன் அதே மாதிரி அறையில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள்.

மூன்றாவது வழி மில். மாதவரம், செங்குன்றம் பக்கம் மரவாடிகள் இருக்கின்றன, சூட்டறையில் வைத்து உலர்த்திக் கொடுக்கிறவர்களும் உண்டு. அவசரமாக ஒரு முறை ஓர் இடத்தில் கொடுத்தேன். தேக்குப் பலகைக்கு வைக்கும் சூட்டையே பனைக்கும் வைத்துவிட்டார்கள். சோறு ஒட்டியிருந்த இடமெல்லாம் உள்வாங்கிச் சுருண்டு, வைரம் வேறு சோறு வேறாகப் பிரிந்து வந்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, இருபது சட்டத்துக்காக யாரும் சூட்டறையைத் தனியாக மூட்ட மாட்டார்கள். துறைமுகத்துக்குப் பெட்டி அடிக்கிறவர்களிடம் சூடேற்றித் தரச் சொல்லலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஏற்றுமதிப் பெட்டி மரத்தின் உள்மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் நிற்க வேண்டும் என்பது விதி. அது பூச்சியைக் கொல்வதற்கு. மரத்தைக் காய வைப்பதற்கு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நூறு சட்டம், ஒரே கனம், சோறு துளியும் இல்லை என்றால் மில்லை யோசிக்கலாம். வீட்டில் பொம்மை செதுக்குகிறவருக்கு வேண்டாம்.

சின்னப் பொருள் செய்கிறவர்களுக்குக் குறுக்கே ஒரு எளிய வழி இருக்கிறது, வேகவைப்பது. அகப்பை, கொண்டை ஊசி, கத்திப்பிடி அளவுக்கு முரட்டு உருவம் வெட்டி, பழைய அண்டாவில் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, நீரைக் கொட்டி, திரும்ப ஒருமுறை கொதிக்கவிட வேண்டும். நீர் கஷாய நிறத்தில் இறங்கும். சர்க்கரையும் போகும், உள்ளே முட்டை இருந்தால் அதுவும் சாகும். அப்புறம் காகிதத்தில் சுற்றி ஒரு வாரம், திறந்து மூன்று வாரம் வைத்தால் போதும். வாயில் வைக்கிற பொருளுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஒரு விரற்கடைக்கு மேல் கனமான துண்டுக்கு இது ஒத்துவராது, உள்ளே வேகாது.

கடைசியாகப் பழைய வாரை. முதல் முறை பனையைத் தொடுகிறவர் யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் திருவொற்றியூர் மாடவீதிகளைச் சுற்றியும் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன. ஓடு ஒரு பக்கம், கதவு நிலை ஒரு பக்கம், பனை வாரை ஒரு பக்கம் என்று இடித்த வீட்டுச் சாமான் கடைகளில் அடுக்கியிருக்கிறார்கள். தேக்கு நிலைக்கு ஆளுக்கு ஆள் போட்டி. வாரையை விறகு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதில் சில வாரைகள் நம் தாத்தா பிறப்பதற்கு முன்னால் குளத்தில் ஊறியவை. அப்புறம் அடுப்புப் புகையில் தலைமுறை தலைமுறையாகக் காய்ந்தவை. எந்த மில்லும் அப்படிக் காய வைக்க முடியாது. ஈரம் நின்றுவிட்டது, சர்க்கரை போய்விட்டது, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்தது. வாங்கிய அன்றே உளி வைக்கலாம்.

வாங்கும்போது கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். ஒரு முனையைத் தூக்கித் தரையில் தட்டுங்கள். நன்றாக இருக்கிற வாரை கணீரென்று கேட்கும், உள்ளே அரித்தது பொத்தென்று விழும். தட்டிய இடத்தில் மாவு உதிர்ந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சுவரில் புதைந்திருந்த முனையில் ஒன்றரை அடியை எப்போதும் கழித்துவிடுங்கள், அங்கேதான் கரையான் ஏறியிருக்கும். ஆணி இருக்கும், கண்டிப்பாக இருக்கும். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மெதுவாக நகர்த்தினால் புதைந்த ஆணி காட்டிக்கொடுக்கும். ஒரு நல்ல உளியின் விலைக்கு இந்தக் கால் மணி நேரம் மலிவு. வீட்டுக்குள் கொண்டுவந்ததும் மற்ற மரத்தோடு சேர்க்காமல் கறுப்புப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒரு மாதம் தனியாக வையுங்கள். புது மாவு விழவில்லை என்றால் உள்ளே உயிர் இல்லை என்று ஓரளவு நம்பலாம்.

குறையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். வாரை என்றால் நான்கு அங்குல அகலம், இரண்டு அங்குலக் கனம், பெரும்பாலும் அவ்வளவுதான். பெரிய கிண்ணமோ ஒரே கட்டையில் யானையோ அதில் வராது. புகை ஏறிய கறுப்பு மேலே ஒரு நூல் கனத்துக்கு இருக்கும், அதைச் சீவித்தான் நிறத்தைப் பார்க்க முடியும். இரும்பாக இறுகியிருக்கும். பனையில் மணல்சத்து வேறு உண்டு, முனை சீக்கிரம் மழுங்கும். தேக்குக்குத் தீட்டும் மெல்லிய முனை இதில் சிதறிவிடும், உளியை 30 டிகிரிக்குக் குறையாமல் தீட்டி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தோலில் இழுக்க வேண்டும். நாருக்கு எதிராகத் தள்ளினால் சிராய் எழும்பிக் கையில் ஏறும், பனஞ்சிராய் ஆழமாகப் போகும், வெளியே வராது. எப்போதும் சாய்த்து, நாரைக் குறுக்கே அறுக்கிற மாதிரி இழுங்கள். மெலிந்த இடங்களில், மூக்கு, விரல், கொம்பு, இங்கெல்லாம் நீர்மாதிரியான சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு விட்டு இறுகின பிறகு செதுக்கினால் நார் பிரியாது.

தென்னையைப் பற்றியும் பையன் கேட்டான். ஊருக்குள் அதுதான் அதிகம் சாய்கிறது. வழி எல்லாம் ஒன்றே, ஆனால் வைரம் பனை அளவுக்குக் கிடைக்காது, ஊறவைக்கும் காலத்தை இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அவனுக்கு நான் சொன்னது இதுதான். "தம்பி, ஒண்ணை எடுத்து ஒண்ணை விடணும்னு இல்ல. உன் மாமன் மரம் ஊறட்டும், காயட்டும், அது ஆனி வரைக்கும் ஆகும். அதுவரைக்கும் சும்மா உக்காந்தா ஆசையே போயிடும். நாளைக்குக் காலையில என்கூட வா, ரெண்டு வாரை வாங்கலாம். கை அதுல பழகட்டும்."

வாங்கினோம். நுனித்துண்டை அவன் அம்மா வெந்நீர் அடுப்புக்கு எடுத்துக்கொண்டார். அடித்துண்டுகள் இரண்டையும் பிளந்ததில் பதினான்கு சட்டம் தேறியது. நீலப் பீப்பாய் இரண்டில் ஊறவைத்தோம். ஆறாவது வாரம் அயோடின் வைத்தபோது பதினொன்று பழுப்பாகவே நின்றது, மூன்று மட்டும் நீலம் காட்டியது. அந்த மூன்றும் வெண்காரக் கரைசலுக்குப் போயின. அவற்றில் கைத்தடிகள் மட்டும் செய்வதென்று தலைப்பில் சிவப்புப் பெயின்ட் புள்ளி வைத்திருக்கிறான்.

இப்போது சித்திரை பிறந்துவிட்டது. எங்கள் மாடிப்படிக்கு அடியில் அந்தச் சட்டங்கள் அடுக்கியிருக்கின்றன. ஞாயிறு காலையில் தராசோடு வருகிறான். முதல் சட்டத்தில் ஏழு வரி பென்சில் எழுத்து சேர்ந்துவிட்டது. போன வாரத்துக்கு இந்த வாரம் 31 கிராம் குறைந்திருக்கிறது, இன்னும் நிற்கவில்லை. நிறுத்து எழுதி முடித்ததும் திண்ணைக்கு வந்து பழைய வாரைத் துண்டில் பாதி செதுக்கிய நாரையை எடுத்து உட்காருகிறான். பழவேற்காட்டில் பார்த்த நாரையாம். கழுத்து வளைவில் ஒருமுறை நார் பிரிந்துவிட்டது. ஒட்டி வைத்திருக்கிறோம், நாளைக்குத்தான் அதில் கை வைக்க வேண்டும்.